மொண்டெல்லோவில் அடுப்பை அணைத்தவர்

முதலில் ஒரு மன்னிப்பு. மலர் அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் பலேர்மோவில் பலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள், ஒரே ஊரில் பிறந்தவர்கள், ஆஸ்பத்திரியில் அந்த எட்டு நாளும் முறை வைத்துப் பார்த்தவர்கள். கூட்டத்தில் எழும்பி நின்று இரண்டு வசனம் பேச வராத நான், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கம் போதும் என்றார்கள். இது ஒரு பக்கத்தில் அடங்காது. அதற்கும் சேர்த்துத்தான் இந்த மன்னிப்பு. எழுதப்போகும் விஷயத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. நான் வேலை செய்யும் உதவி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. என் முன்னால் இருந்தவர் ஒரு மொரிஷியஸ்காரர். பெயர் முழுக்கத் தமிழ், வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை. அவருடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது தங்கும் அனுமதியை, புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "மலர் அக்கா விடிய ஆறு மணிக்கு" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நான் "ஓம்" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் "ஓம்" என்றேன். வைத்துவிட்டுப் படிவத்தைத் தொடர்ந்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த இடம். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் சொந்தக்காரரா என்று இத்தாலியனில் கேட்டார். "கொலேகா" என்றேன். கூட வேலை செய்தவர். வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா என்று சொல்லியிருக்கலாமே என்று வருந்தினேன். இப்போது வருந்தவில்லை. அதுதான் சரியான சொல். நாங்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தோம். அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மலர் அக்கா மொண்டெல்லோக் கடற்கரையில் செய்த வீட்டு வேலையை இழந்தது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் இழந்தார் என்பதற்கு நாலு கதைகள் உண்டு. சின்யோராவை, அதாவது வீட்டு எசமானியை, எதிர்த்துப் பேசினார் என்பது ஒன்று. விருந்தாளிகள் இருக்கும்போது சமைக்க மறுத்தார் என்பது இன்னொன்று. ஓர் அரபுக்காரரோடு ஏதோ கதை என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது மூன்றாவது. நாலாவது, வாய்க்கொழுப்பு. கோயில் மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே இந்த நாலையும் நான் கேட்டிருக்கிறேன். வாய் திறந்ததில்லை. அந்த வேலை போனதால் அவருடைய மகள் தர்சினியை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் நின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மாமியோடு இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டி வந்தது. அம்மாவின் வாயால் வந்த வினை என்றுதான் தர்சினி இன்றைக்கும் நம்புகிறார். நடந்ததை முழுவதும் பார்த்தவள் தமிழர்களில் நான் ஒருத்திதான்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் வசந்த காலம். இஸ்ரேல்காரரும் பாலஸ்தீனரும் அமெரிக்காவில் புல்வெளியில் நின்று கைகொடுத்த படம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் முடிக்காமல் விட்டதையெல்லாம் சின்னச் சின்ன அறைகளில் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் அறை மொண்டெல்லோவில் எங்கள் சின்யோராவின் வீட்டில் அமைந்தது. அவருடைய கணவரும் சில பேராசிரியர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பக்கத்தில் நாலு பேர், இந்தப் பக்கத்தில் நாலு பேர், நாலு நாள். யாரும் அரசாங்கத்தின் பெயரால் வரவில்லை. தனி ஆட்களாக வந்து, இரண்டு பக்கமும் ஏற்கக்கூடிய ஒரு கடதாசியை எழுதி, பிறகு தங்கள் தங்கள் பெரியவர்களிடம் காட்டுவது என்று திட்டம். படம் எடுக்கக்கூடாது. வெளியே தொலைபேசி எடுத்து அரசாங்க ஆட்களோடு பேசக்கூடாது. வேலைக்காரர் விருந்தாளிகளோடு கதைக்கக்கூடாது. சமையல் மலர் அக்கா, பரிமாறலும் துடைத்தலும் நான்.

நான் யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் படித்துப் பட்டம் பெற்றவள். சுருட்டுக் கொட்டிலில் இலை சுற்றியவரின் மகள். எங்கள் பரம்பரையில் பட்டம் பெற்ற முதல் ஆள். நான் பாடப்புத்தகத்தில் படித்த பேச்சுவார்த்தை, நான் தட்டு எடுக்கும் மேசையில் நடந்துகொண்டிருந்தது. மலர் அக்காவுக்கு அது ஒரு பெரிய பகிடி. "கேள் பிள்ளை, நல்லாக் கேள். நாலு வருசம் கம்பசிலை படிச்சதை இஞ்சை சும்மா காட்டினம்" என்பார்.

ஏற்பாட்டாளர்கள் கோப்பி இடைவேளைக்கு இரண்டு பக்கத்தாரும் பிரிந்து இருக்கும் இரண்டு சாலைகளிலும், அந்தப் பெரிய அறைகளிலும், தனித்தனித் தட்டு வைக்கச் சொன்னார்கள். முதல் நாளே மலர் அக்கா கோப்பியைத் தனித்தனியாக வைத்தார். சீனிக் கிண்ணத்தை மட்டும் இரண்டு சாலைக்கும் நடுவில் இருந்த சின்ன மேசையில் ஒன்றாக வைத்தார். வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான் இருக்கிறது என்று சின்யோராவிடம் சொன்னார். அலுமாரிக்குள் மூன்று இருந்தன. அன்று எட்டுப் பேரும் சீனி இல்லாமல் குடித்தார்கள். குசினிக்குப் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன். "குடிக்கட்டும். கசப்பு அவையளுக்குப் புதுசே?" என்றார். இரண்டாம் நாள் ஒருவர் எழும்பி வந்தார், பிறகு இன்னொருவர். சமாதானம் ஒன்றும் வந்துவிடவில்லை. கரண்டியை யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேரும் தயங்கி நின்றதை மட்டும் நான் கண்டேன்.

அந்த இரண்டு பேரையும் இங்கே அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் சொல்லமாட்டேன். ஒருவர் காசாவைச் சேர்ந்த தண்ணீர் இஞ்சினியர். இளவயதில் இத்தாலியில் படித்தவர், நரைத்த மீசை. மற்றவர் இஸ்ரேல் இராணுவத்தில் கேணலாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இத்தாலிக்காரி என்பதால் அவருக்கும் நல்ல இத்தாலியன். மலர் அக்கா முதலாமவரைக் காசா ஐயா என்றும் இரண்டாமவரைக் கண்ணாடிக்காரர் என்றும் சொல்வார்.

மாலையில் சாலையைத் துடைக்கும்போது மேசையில் கிடந்த வரைவை நான் வாசித்தேன். வாசிக்கக்கூடாது, வாசித்தேன். காசாவில் இருந்து ஆட்கள் வெளியே போய் வரும் பாதையைப் பற்றி ஒரு வரி இருந்தது. மனிதத் தேவைகளுக்காகப் போகிறவர்களை அனுமதிப்பது, அதன் பின்னால் சதுர அடைப்புக்குள் "இயன்ற இடத்தில்" என்று இருந்தது. ஒத்துக்கொள்ளாத சொற்களை அடைப்புக்குள் போடுவார்கள் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

"அடைப்புக்குள்ளை இருக்கிறதுதான் சண்டை. அப்ப வெளியிலை இருக்கிறதை என்னத்துக்கு எழுதினவை?"

 எங்கள் ஊரிலும் அப்போது இயக்கத்துக்கும் புது அரசாங்கத்துக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடிதம் போகும், கடிதம் வரும். பாதையைத் திறவுங்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். அதைப் பற்றிக் கதைப்போம் என்று மறுபக்கம் எழுதும். வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட எங்கள் ஆட்கள் அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் வாதாடினார்கள். மலர் அக்கா அந்த வாதங்களில் சேர்வதில்லை. "பாதை திறந்திருக்கோ பூட்டியிருக்கோ? அதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நீங்களே வச்சிருங்கோ" என்பார்.

அவருக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. அவருடைய தாய் ஊரில் இறந்தபோது அவர் இங்கே பெர்மெஸ்ஸோ இல்லாமல் இருந்தார். போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. ஊரில் பாதையும் இல்லை. செய்தி கடிதத்தில் வந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், ஒரு சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டே. "நான் அழத் தொடங்கேக்கை அங்கை எல்லாரும் அழுது முடிச்சிட்டினம்."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். காசா ஐயாவைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் நின்றபடியே கேட்டார், இரண்டு சொல் சொன்னார், வைத்தார். தாய் விடிய இறந்துவிட்டார். பின்னேரத்துக்கு முன் அடக்கம். அடக்கத்துக்கு எப்படியும் போக முடியாது. ஆனால் மூன்று நாள் அந்த வீட்டில் துக்கம் இருப்பார்கள், மூத்த மகன் அங்கே இருந்தாக வேண்டும். அதற்கும் வழி இல்லை. அந்த மாதம் பாதை மூடப்பட்டிருந்தது. விமானத்தில் போய் இறங்கினாலும் காசாவுக்குள் போக விசேட அனுமதி வேண்டும். அவர் கடல் பக்கத்து நாற்காலியில் போய் இருந்தார். ஏற்பாட்டாளர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு நிமிடம் மௌனம், பிறகு கூட்டத்தைத் தொடர்வது என்று முடிவு. அன்றைய பொருள் எது தெரியுமா? ஆட்கள் போய் வரும் பாதை. அந்த அடைப்புக்குறி.

சின்யோரா குசினிக்கு வந்து, சாப்பாடு வழக்கம்போல ஒரு மணிக்கு என்றார். மலர் அக்கா என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். காஸை மூடினார். நாலு அடுப்பையும் ஒவ்வொன்றாக மூடினார், கடைசியில் சுவரில் இருந்த காஸ் குழாயின் பெரிய திருகையும் மூடினார்.

"சொல்லு பிள்ளை. செத்த வீட்டிலை அடுப்பு மூட்டிறேல்லை."

இது செத்த வீடு இல்லை அக்கா, விருந்தாளியின் தாய் வேறு தேசத்தில் இறந்திருக்கிறார் என்றேன்.

"பிள்ளை எந்தக் கூரைக்குக் கீழை இருக்குதோ, அதுதான் செத்த வீடு. என்ர அம்மா செத்தது ஊரிலையோ? என்னைக் கேட்டா, இஞ்சை, சின்யோரா வீட்டுக் குசினியிலை."

எங்கள் வழக்கத்தை இத்தாலியில் ஒரு பணக்கார வீட்டில் போட்டது பிழை என்று பிறகு பலர் சொல்லலாம். எட்டுப் பேருக்குச் சாப்பாடு இல்லை, கோப்பியும் இல்லை. யாழ்ப்பாணத்தாள் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டாத பிழைதான். சின்யோரா முதலில் காஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்தார். நான் விளங்கப்படுத்தியதும் நாற்காலியில் இருந்துவிட்டார். அப்படியென்றால் உங்கள் ஊரில் அந்த வீட்டார் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். அக்கா அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"அயலட்டை கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரர் சமைச்சுக் கொண்டு வருவினம்." பிறகு கையை நீட்டி இஸ்ரேல்காரர் இருந்த மற்றச் சாலையைக் காட்டினார். "பக்கத்து வீட்டுக்காரர் அங்கைதானே இருக்கினம். போய்ச் சொல்லு."

நான் போகவில்லை.  கோப்பி ஏன் வரவில்லை என்று பார்க்கக் கண்ணாடிக்காரரே குசினி வாசலுக்கு வந்துவிட்டார். விருந்தாளியோடு கதைக்கக்கூடாது என்ற விதியை நான் முறித்தது அப்போதுதான். தரையைப் பார்த்தபடி அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களுக்கும் அப்படித்தான், துக்க வீட்டாரின் முதல் சாப்பாடு அயலவர் கொண்டுவருவது, என்றார். கடை எங்கே என்று கேட்டார்.

நான்தான் கூட்டிப்போனேன். பாண், அவித்த முட்டை, ஒலிவங்காய், பழம்.  கேணலாக இருந்த மனிதர், கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மொண்டெல்லோக் கடற்கரை வீதியில் நடந்து வந்தார். கடற்கரையில் குடை நடுகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இத்தோடு முடிந்தது, வேலை தப்பியது என்று நான் நினைத்தேன். எல்லோரும் சொல்ல விரும்பும் அழகான கதையும் அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

மலர் அக்கா குசினிக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த வாசலில் நின்றார். பையைப் பார்த்தார். விலகவில்லை.

"சாப்பாடு சரி. ஆளை வீட்டை அனுப்பிறது ஆர் எண்டு கேள்."

நான் தயங்கினேன். அவர் விடவில்லை. "சோறு குடுத்திட்டுப் போறது அயலட்டை இல்லை. சொல்லியனுப்பிறது, வெளியூரிலை இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறது, எல்லாம் அயலட்டைதான். இவர் அங்கை பெரிய ஆளாய் இருந்தவராம். பாதையைத் திறக்கச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். எப்படி மொழிபெயர்த்தேன் என்பதையும் எழுதவேண்டும். ஒருவேளை தங்களால் ஏதாவது செய்ய இயலுமா என்று இந்த அம்மா அறிய விரும்புகிறார் என்று சொன்னேன். இத்தாலியனில் ஒருவேளை என்பதற்கு ஃபோர்ஸே என்பார்கள். அக்காவின் இத்தாலியன் சந்தை இத்தாலியன்தான், ஆனால் அந்தச் சொல்லைச் சம்பள உயர்வு கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் கேட்டிருக்கிறார்.

"ஏன் ஃபோர்ஸே போட்டனி? நான் ஃபோர்ஸே சொல்லேல்லை. அதை எடு."

எடுத்தேன். அக்கா சொன்னதை அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்து ஒருவேளை இல்லாமல் நான் சொன்ன முதல் வசனம் அது.

அவர் கோபிக்கவில்லை. களைத்துப்போன குரலில் பதில் சொன்னார். "பாதை சும்மா மூடப்படவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் வேலைக்குப் போன பஸ் வெடித்தது. அவளுடைய தாயை நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேன்."

அக்கா தலை குனிந்து அதைக் கேட்டார். அந்தத் துயரத்தை அவர் சின்னதாக எண்ணவில்லை. பிறகு கேட்டார். "அந்தச் செத்த வீட்டுக்குச் சாப்பாடு ஆர் கொண்டு போனது?"

"நான் கொண்டுபோனேன்."

"அப்ப இவருக்குத் தெரியும்தானே. தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குப் பிள்ளை விளக்கம்? ரெலிபோனை எடுக்கச் சொல்லு."

அவர் எடுத்தார். ஏற்பாட்டாளர்கள் ஓடிவந்து விதியை நினைவூட்டினார்கள். அரசாங்கத்தோடு தொடர்பு கூடாது, இது தனி ஆட்களின் கூட்டம், இந்த ஓர் அழைப்பால் எல்லாம் குலையும் என்றார்கள். அவரோடு வந்தவர்களில் இரண்டு பேரும் எதிர்த்தார்கள். ஒருவருக்குத் திறந்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார் ஒருவர். அவர் தொலைபேசியை விடவில்லை. நடைபாதையில் நின்றபடி தன் மொழியில் ஒருவரை விட்டு ஒருவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், மூன்று மணித்தியாலம். காசா ஐயா வெளியே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையில் இருந்த பாணை அவர் தொடவில்லை. அவரிடம் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மலர் அக்கா யாரையும் விடவும் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு ஆளுக்கு, மூன்று நாளுக்கு. அன்று மாலை விமானத்தில் காசா ஐயா ரோமுக்குப் போனார். துக்கத்தின் கடைசி நாளில் வீடு போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். போகும்போது குசினி வாசலில் நின்றார். கண்ணாடிக்காரருக்குக் கைகொடுத்தாரா என்று எல்லோரும் கேட்பீர்கள். நான் காணவில்லை. அக்காவிடம் மட்டும், "சின்யோரா" என்றார். எங்கள் முதலாளிகளை நாங்கள் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி.

மறுநாள் கூட்டம் நடக்கவில்லை. கடதாசி எழுதப்படவில்லை. அடைப்புக்குறி அப்படியே இருந்தது. ஏற்பாட்டாளர்களின் மாதக்கணக்கான உழைப்பை ஒரு சமையற்காரி அரை நாளில் குலைத்துவிட்டாள் என்று பேசப்பட்டது. அதை நான் வருடக்கணக்காக யோசித்துப் பார்த்தேன். பாதையைப் பற்றி எட்டுப் பேர் மூன்று நாள் பேசினார்கள். அந்த வீட்டில் திறந்த ஒரே பாதையை மலர் அக்கா திறக்க வைத்தார். அப்படித் திறந்ததால் பேச்சுக் குலைந்தது என்றால், அந்தப் பேச்சு எதற்காக நடந்தது? அரசறிவியல் படித்தவள் என்ற முறையில் கேட்கிறேன். இதற்கு எந்தப் பேராசிரியர் பதில் சொன்னாலும் கேட்கத் தயார்.

காசா ஐயா கிளம்பிப்போன கையோடு சின்யோரா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்து ஒரே கேள்வி கேட்டார். விருந்தாளியிடம் அந்தச் சொற்களைச் சொன்னது யார்? நான் கோப்பைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  "இயோ" என்றார் மலர் அக்கா. நான். "சோலோ இயோ." நான் மட்டும். அவருடைய இத்தாலியன் அவ்வளவுக்குப் போதாது என்று சின்யோராவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு வேலைக்காரரை ஒரே நாளில் இழக்க அவருக்கும் விருப்பமில்லை. கேள்வி அத்தோடு நின்றது. மாத முடிவுக்குப் பொறுக்காமல் அன்றே அக்காவை அனுப்பினார்.

பஸ் நிறுத்தம்வரை பின்னால் ஓடினேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்ர பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?" என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். "அப்ப வாயை மூடிக்கொண்டு நில். ரெண்டு பேரும் போய் என்ன பிரயோசனம்?" தர்சினியின் விண்ணப்பம் என்னாவது என்று கேட்டேன்.  பஸ் வந்து கதவு திறந்த பிறகு சொன்னார்: "அவள் என்னோடை கோவிப்பாள். நான் செய்ததுக்கு நான் பேச்சு வாங்கிறன். நீ இடையிலை வராதை."

வேலை ஒப்பந்தம் இல்லாமல் மகளைக் கூப்பிட முடியாது என்று குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், கோவையை மூடிவைத்தார்கள். அதன் பிறகு மலர் அக்கா பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் மாடிப்படிகள் கழுவினார். புதுப்பித்த மாளிகைகளில் காலை, பக்கத்து இடிந்த வீடுகளில் மாலை. ஒப்பந்தம் தர ஒருவர் கிடைக்க ஒன்றரை வருடம் சென்றது. அந்தத் தொண்ணூற்றைந்தின் இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்த செய்தி வந்த அதே நாட்களில், இஸ்ரேலின் தலைவரை அவருடைய நாட்டுக்காரரே சுட்டுக் கொன்ற செய்தியும் வந்தது. கால்சாவில் ஒரு படியில் வாளியோடு இருந்தவரிடம் அதைப் போய்ச் சொன்னேன். கண்ணாடிக்காரர் இப்போது எந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவார் என்று கேட்டார்.

காசாவில் இருந்து ஒரு கடிதமும் வரவில்லை. ஒரு முறை நான் குறைப்பட்டேன். ஒரு நன்றிகூட எழுதவில்லையே என்றேன். "நன்றி எழுதவே மனிசன் செத்தவீட்டுக்குப் போனவர்?" என்று என்னை ஏசினார். கோயிலில் அந்த நாலு கதைகளும் காதில் விழும்போதும் அவர் எதையும் மறுத்ததில்லை. மறுக்கத் தொடங்கினால் மொழிபெயர்த்தது யார் என்ற இடத்துக்கு வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். பேச்சைப் பொறுத்துக்கொள்கிறவர் அல்ல அவர். எனக்காக மட்டும் பொறுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, வாசலில் நிற்கும் அந்த நிலை. என் அலுவலக வேலையாக இப்போது கிழமைக்கு இரண்டு முறை குவெஸ்தூராவுக்குப் போகிறேன். நாளைக்கு வா என்று சொல்கிறார்கள். முன்பெல்லாம் நன்றி சொல்லிவிட்டு வருவேன். இப்போது, எந்த நாள், எத்தனை மணி, எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டு யன்னலை மறித்துக்கொண்டு நிற்கிறேன். என் முகம் சிவக்கும், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நகர்வதில்லை. பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள்.

இனி, இவ்வளவும் எழுதியது எதற்காகவோ அது. தர்சினி, இந்த மலருக்காக நீர் எழுதிய அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி நேற்று என்னிடம் தந்தார்கள். அழகாக எழுதியிருக்கிறீர். பொறுமையும் அடக்கமும் உள்ளவர் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. மொண்டெல்லோவில் பணியாற்றி, சுகவீனம் காரணமாக விலகினார் என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது. அம்மாவின் மானத்தை மூடிக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினீர் என்று எனக்கு விளங்குகிறது. மூட வேண்டியது ஒன்றும் இல்லை. நான் இன்றைக்கு இருக்கும் அலுவலக வேலை அந்தச் சின்யோரா எழுதித் தந்த சிபாரிசுக் கடிதத்தால் கிடைத்தது. அந்த அலுவலகத்தை நடத்துகிறவர் அவருடைய சிநேகிதி. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகக்கூடும் என்று தெரிந்துதான் இதைக் கேட்கிறேன். அந்த இரண்டு வரிகளையும் வெட்டிவிடும். வேலையால் நிறுத்தப்பட்டார் என்று எழுதும். தாயை இழந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்வரை அடுப்பு மூட்ட மறுத்ததற்காக என்று எழுதும். அவருடைய சொற்களை இத்தாலியனில் சொல்லிவிட்டு, கேட்டபோது பேசாமல் நின்றவள் ஒருத்தி இருந்தாள் என்றும் எழுதும். அந்த இடத்தில் என் பெயரை முழுதாகப் போடும்: கந்தையா சுபாஷினி.